இருபத்தைந்து நிமிடப் பறப்பு

பலெர்மோ
14.01.2024

அன்புத் தம்பி றொஜருக்கு,

அந்த வடதுருவக் குளிருக்குள்ளும் கர்த்தர் உன்னைச் சூடாக வைத்திருக்கட்டும். இங்கே நான், அத்தான், பிள்ளைகள் எல்லோரும் ஏதோ நடமாடுகிறோம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. உனக்கு இருமல் விட்டதா? அங்கே சூரியன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லையாக்கும்.

நல்ல செய்தி முதலில். சின்னவள் அமலினிக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை தனேஸ், கத்தானியாவில் இருக்கிற எங்கள் மன்னார்ப் பெடியன். செப்டெம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை, எங்கள் பங்குக் கோவிலில்.

இனித்தான் அலுவல். இராயப்பு அண்ணனுக்குக் கலியாணம் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாத கதையில்லை, என்றாலும் எழுதினால் மனம் கொஞ்சம் ஆறும். மூத்தவள் அனிற்றாவின் கலியாணத்துக்கு நான் அழைப்புக் காட்டைத் தபாலில் போட்டுவிட்டுப் போனில் சொன்னேன். அண்ணன் "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்தார். வரவில்லை. வீடு தேடி வந்து சொல்லாத கலியாணத்துக்குத் தாய்மாமன் போவானோ என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டாராம். நீ வந்தாய் என்பதற்காக உன்னோடும் முட்டிக்கொண்டார். பதினொரு வருடம் போய்விட்டது. எங்கள் இரண்டு பேரையும் ஊரில் இருந்து கரை சேர்த்த மனிதனின் குரலை நான் பதினொரு வருடமாகக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து முக்கியமான கதையை நான் போனில் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பிறந்தநாள் வாழ்த்துக்குப் போன், மற்றதெல்லாம் கடிதம். நீயும் எழுத்தில்தான் பதில் போட வேண்டும்.

நானே வந்து சொல்லலாம் என்றால் என் வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோ, முடிந்து, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ரசீது. ரசீதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் பறக்க முடியாது. அட்டை எப்போது வரும் என்று கேட்டால் பொலிஸ்காரன் தோளைக் குலுக்குகிறான். பிள்ளைகள் போய்ச் சொன்னால் எடுபடாது. கூடப்பிறந்தது போக வேண்டும்.

அமலினி இன்ரநெற்றில் பார்த்துச் சொன்னாள். உன் மேஹாமன் விமான நிலையத்தில் இருந்து அண்ணன் இருக்கிற போட்ஸ்பியோர்ட் விமான நிலையத்துக்கு எண்பத்து மூன்று கிலோமீற்றர். பறக்கும் நேரம் இருபத்தைந்து நிமிடம். எனக்கு எங்கள் அல்பெர்கேரியாவில் இருந்து, நான் பராமரிக்கிற கிழவி சின்யோராவின் வீட்டுக்குப் பஸ்ஸில் போகவே ஐம்பது நிமிடம் வேண்டும். அழைப்புக் காட்டை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். ஒருநாள் லீவு எடுத்துப் போய்ச் சொல்லிவிட்டு வா, ராசா.

அக்கா
றெபேக்கா


மேஹாமன்
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் காட்டும் பழுதில்லாமல் வந்தன. இருமல் குறைவு. முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? சின்யோராவைத் தூக்கும்போது இடுப்பைக் கொடுக்காமல் தூக்குங்கள். அமலினிக்கு மாமாவின் முத்தம்.

நெற்றில் போட்டிருப்பது காற்றில்லாத நாளின் கணக்கு. இங்கே அப்படியொரு நாளை நான் மாசி மாதத்தில் கண்டதில்லை. விமானம் என்று நீங்கள் நினைப்பது போலப் பெரிய சாமான் இல்லை. முப்பத்தொன்பது பேர் இருக்கிற, விசிறி வைத்த விமானம். பஸ் மாதிரி ஊர் ஊராக இறங்கி ஏறும். ஓடுபாதை உங்கள் தெருவை விடக் கொஞ்சம் நீளம். கடலில் இருந்து குறுக்குக் காற்று அடித்தால் இறங்காமலே மேலால் போய்விடும். றோட்டால் போவதென்றால் மலையைச் சுற்றி முந்நூறு கிலோமீற்றர். பனி மூடினால் பாதையைப் பூட்டிவிட்டு, பனி தள்ளும் வாகனத்தின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள்.

போகமாட்டேன் என்று சொல்லவில்லை. காற்று விடட்டும், போகிறேன். தொழிற்சாலையில் இப்போது கொட் மீன் வருகிற காலம். ஆறு நாளும் வேலை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி
றொஜர்


பலெர்மோ
25.02.2024

அன்புத் தம்பிக்கு,

உன் சுகத்துக்கு நேற்றும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எங்கள் பாட்டைச் சொல்வதென்றால் அத்தானுக்குப் பிறஷர், எனக்குத் தூக்கமில்லை, சின்யோராவுக்கு எல்லாமும். எண்பத்தெட்டு வயதில் அவ இரவில் எழும்பித் தன் தாயைத் தேடுகிறா. நான்தான் தாய் என்று சொல்லிப் படுக்க வைக்கிறேன்.

காற்றைப் பற்றி வாசித்தேன். நீ எழுதியதைப் பார்த்தால் அங்கே ஒருவரும் ஒரு இடமும் போவதில்லைப் போல இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மிலான், நாப்போலி எல்லாம் நேரில் போய்ச் சொல்லி முடித்துவிட்டார்கள். தனேஸின் தாய் பல்லரோச் சந்தையில் மீன்கடைக்கு முன்னால் வைத்துக் கேட்கிறா, "தாய்மாமனுக்குச் சொல்லியாச்சோ?" என்று. "ஓம், தம்பி போறான்" என்றேன். பொய் சொல்லவில்லைத்தானே நான்?

அண்ணன் வராமல் இந்தப் பிள்ளையையும் பலிபீடத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. மூத்தவளின் படங்களில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ தெரியாத மனிதர் நிற்கிறார். அந்த அல்பத்தை நான் இரண்டு தரத்துக்கு மேல் திறக்கவில்லை.

அக்கா


மேஹாமன்
24.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கைதான் விறைக்கிறது. அத்தானை உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் எட்டாம் தேதி ரிக்கற் எடுத்துக்கொண்டு போனேன். விமானம் மேலால் சத்தம் போட்டுக்கொண்டு போனது, இறங்கவில்லை. அடுத்த நாளும் போனேன். காற்று என்று ரத்துச் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. இது சத்தியம்.

அதோடு அக்கா, இது தவக்காலம். தவக்காலத்தில் கலியாணம் சொல்லப் போவது சரியில்லை என்று அம்மா சொல்லுவா. அண்ணன் இதிலெல்லாம் குற்றம் பிடிக்கிற ஆள். பாஸ்கா முடியட்டும்.

தம்பி
றொஜர்


பலெர்மோ
14.04.2024

றொஜர்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை.

மேல்மாடியில் வேலை செய்கிற சாம்பவியின் மச்சான் உன்னோடு ஒரே மேசையில் மீன் வெட்டுகிறான் என்பதை மறந்துவிட்டாயாக்கும். பாஸ்கா முடிந்து நாலாம் நாள், ஏதோ அரச அலுவலாக நீ விமானத்தில் வாட்சோவுக்குப் போய் வந்தாயாம். நல்லது. ஆனால் அந்த விமானம் அண்ணனின் ஊரில் இறங்கித்தான் போகுமாம். போகும்போதும் இறங்கியதாம், வரும்போதும் இறங்கியதாம். காற்றும் இல்லை, தவக்காலமும் இல்லை.

அண்ணன் இருக்கிற மண்ணில் இரண்டு தரம் இறங்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதவில்லை நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தாயா? காட்டைக் கொண்டுபோனாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா


பலெர்மோ
19.05.2024

தம்பி,

ஐந்து கிழமையாகத் தபால்பெட்டியைத் திறந்து மூடுகிறேன். போன் எடுத்துக் கேட்கச் சொல்லி அமலினி நச்சரிக்கிறாள். எடுக்கமாட்டேன். எடுத்தால் பேசிவிடுவேன், பேசினால் இன்னொரு பதினொரு வருடம் போய்விடும். ஒரு சகோதரனை அப்படித் தொலைத்தது காணும்.

நீ சாப்பிடுகிறாயா, படுக்கிறாயா என்றாவது எழுது.

அக்கா


மேஹாமன்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். படுக்கிறேன், ஆனால் இப்போது இங்கே இரவே இல்லை. யன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். அத்தான், பிள்ளைகள், சின்யோரா எல்லோரையும் கர்த்தர் காக்கட்டும். உங்களைத்தான் முதலில்.

காட்டைக் கொண்டுபோனேன். சட்டைப்பையில் இருந்தது. திருப்பிக் கொண்டுவந்தேன்.

இனி மறைக்கிறதில் பிரயோசனமில்லை. அண்ணனுக்குத் தோள் போனதால் தொழிற்சாலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பது வருடமாக அந்த விமான நிலையத்தில்தான் வேலை. நாலைந்து பேர் வேலை செய்கிற இடம். பனி தள்ளுவதும் அவர்தான், பெட்டி ஏற்றுவதும் அவர்தான். விமானம் வந்து நின்றதும் சில்லு உருளாமல் கட்டை வைப்பார். போகும்போது அதை இழுத்தெடுத்துவிட்டுக் கையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் விமானம் நகரலாம்.

வாட்சோவில் அலுவல் என்று நான் போகும்போதெல்லாம் விமானம் அங்கே பத்து நிமிடம் நிற்கும். கதவு திறக்கும். இரண்டு பேர் இறங்குவார்கள், ஒருவர் ஏறுவார். நான் யன்னலோரம் பெல்ற்றைக் கழற்றாமல் இருப்பேன். மஞ்சள் மேலங்கியோடு அண்ணன் என் யன்னலுக்குக் கீழால் நடந்து போவார். ஒரு பனைமர உயரம்கூட இல்லை எங்களுக்கு நடுவில். முதல் தரம் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பழகிவிட்டது. எட்டுத் தரம் அக்கா. எட்டுத் தரம் அவருடைய மண்ணில் இறங்கி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போயிருக்கிறேன். ஏப்ரலில் எழும்பி இரண்டு அடி வைத்தேன். பணிப்பெண் "இது வாட்சோ இல்லை" என்றாள். திரும்பி வந்து இருந்துவிட்டேன். வாட்சோவில் இருந்து வரும்போது அதுவும் செய்யவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அனிற்றாவின் கலியாணம் முடிந்து நான் கேக்கோடு அவர் வீட்டுக்குப் போனேன். "போனிலை சொன்ன கலியாணத்துக்குப் போக உனக்கு வெக்கமில்லையோ?" என்று கேட்டார். நான் சொன்னேன், "எல்லாரும் வந்து முழங்காலிலை நிக்கிறதுக்கு நீங்கள் என்ன பாப்பரசரோ?" என்று. அதோடு நிற்கவில்லை. "உங்களுக்குப் பெண்சாதி பிள்ளை இருந்தாலல்லோ கலியாணத்தின்ரை அருமை தெரியும்" என்றும் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது நாற்பது கடந்த மனிதனிடம் இதைச் சொன்னேன். அவர் கேக் பெட்டியை மூடி என் கையில் தந்தார். அதை உங்களுக்கு இதுவரை நான் எழுதவில்லை.

யூலை முடிவோடு அவருக்கு ஓய்வாம். பிறகு அந்த ஊரிலேயே இருப்பாரோ தெரியாது.

தம்பி
றொஜர்


பலெர்மோ
19.06.2024

என் அன்புத் தம்பிக்கு,

சூடு தொடங்கிவிட்டது. சின்யோராவை வெளியில் கொண்டுபோக முடிவதில்லை, நாள் முழுவதும் இரண்டு பேரும் மின்விசிறிக்கு முன்னால் இருக்கிறோம். உன் கடிதத்தை அவவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். அழுதேன். என்னவென்று தெரியாமல் அவவும் சேர்ந்து அழுதா.

உன்னைத் திட்ட எனக்கு உடம்பில் பலமும் இல்லை, உரிமையும் இல்லை. நீ எழுதிவிட்டாய், நானும் எழுதுகிறேன். அனிற்றாவின் கலியாணத்துக்கு முன்னால் லீவு கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். கிடைத்தது. ஐந்து நாள் கிடைத்தது. அந்த ஐந்து நாளில் மிலானுக்குப் போய் அத்தானின் சொந்தங்களுக்குச் சொன்னேன். அண்ணனிடம் வரப் பயம். மாப்பிள்ளை சிசிலியன். "எங்கடை பெடியன் ஒருத்தன் கிடைக்கேல்லையோ?" என்று முகத்துக்கு நேரே கேட்பார், நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தேன். போனில் முகம் தெரியாது. அதனால்தான் போன். தூரமும் இல்லை, நேரமும் இல்லை, தம்பி. நானும் உன்னை மாதிரி பெல்ற்றைக் கழற்றாமல் இருந்தவள்தான்.

பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை. நேற்றும் குவெஸ்தூரா வாசலில் காலை ஆறு மணிக்கு நின்றேன். வந்தால் நானே வருவேன், முழங்காலில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன், இந்த முழங்காலோடேயே. வராது என்று நினைக்கிறேன். ஆகவே உன்னைத்தான் கேட்கிறேன். யூலை முடிய முன்னம் ஒருக்கால் இறங்கு. அவர் பேசினால் பேசட்டும். காட்டைக் கீழே போட்டால் பொறுக்கிக்கொண்டு வா. ஆனால் சொல்லிவிட்டு வா.

உன் அக்கா
றெபேக்கா


மேஹாமன்
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் இன்று கன நாளைக்குப் பிறகு செபமாலை சொன்னேன்.

வியாழக்கிழமை போனேன். வாட்சோவுக்கு இல்லை, போட்ஸ்பியோர்ட்டுக்கே ரிக்கற் எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் என்று அமலினி சொன்னது சரிதான். மணிக்கூட்டைப் பார்த்தேன், இருபத்து மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டான். இன்னும் கொஞ்சம் பறந்தால் என்ன என்று இருந்தது.

இறங்கினேன். அண்ணன் சில்லடியில் குனிந்து நின்றார். நிமிர்ந்தார். தலை முழுக்க வெள்ளை.

"இது வாட்சோ இல்லை" என்றார்.

"தெரியும்."

"பிறகென்ன?"

"சொல்ல வந்தனான், அண்ணை."

காட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். "வேலை செய்யிற இடத்திலை வைச்சோ கலியாணம் சொல்லுறது? நாலு மணிக்கு முடியும். உள்ளை போய் இரு" என்றார். கட்டையை இழுத்தெடுத்தார், கையைக் காட்டினார், விமானம் போய்விட்டது. ஐந்து மணித்தியாலம் அந்தச் சின்ன மண்டபத்தில் இருந்தேன். ஒருக்கால் வந்து ஒரு கோப்பையில் கோப்பி வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றப் போக, "நில்லு" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நான் வெளியில். சரி, இதுதான் தண்டனை என்று நினைத்தேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தால் "தட்டு" என்று குரல் வந்தது. தட்டினேன். கதவைத் திறந்தார். முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"வாங்கோ. ஆர் வந்திருக்கிறியள்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது அக்கா. வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருக்க வேண்டும், நான் தேடி வர வேண்டும். "றெபேக்கா அக்கா அனுப்பினவ. அமலினிக்குக் கலியாணம். பெரியமாமா வந்து நிண்டு நடத்தித் தரவேணும்" என்றேன். இரண்டு கையாலும் காட்டை வாங்கினார். கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். "சரி" என்றார்.

பதினொரு வருடத்துக்கு முன்னம் உங்களுக்குச் சொன்ன அதே சரி. வருவாரோ மாட்டாரோ எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறும் மீன்குழம்பும் போட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். வாய் வரவில்லை. நான் எட்டுத் தரம் வந்தும் எழும்பாமல் போனதைச் சொன்னேன், உங்கள் ஐந்து நாள் கதையையும், நீங்கள் பயந்ததையும் சொன்னேன். "சாப்பிடு, ஆறுது" என்றார். கடைசி விமானத்துக்குக் கொண்டுவந்து விட்டார்.

களைத்துப்போனேன் அக்கா. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

தம்பி
றொஜர்


போட்ஸ்பியோர்ட்
04.08.2024

அன்புள்ள தங்கச்சி றெபேக்காவுக்கு,

நீயும் றோபேட்டும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்குத் தோளைத் தவிரக் குறையில்லை.

தம்பி வந்து முறையாகச் சொன்னான். வாறன். செப்டெம்பர் நாலாம் தேதி இங்கே ஏறுகிறேன். அந்த விமானம் மேஹாமனில் இறங்கித்தான் போகும், அவன் அதில் ஏறுவான். பக்கத்து இருக்கையை அவனுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். பலெர்மோவுக்கு வந்து சேர நாலு விமானம், ஒன்றரை நாள். விமான நிலையத்துக்கு நீ வர வேண்டும். றோபேட்டை அனுப்பக்கூடாது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். போனில் சொன்னது பிழைதான். ஆனால் சிசிலியன் மாப்பிள்ளைக்கு நான் ஏதும் சொல்லுவேன் என்று பயந்தாயாம். முப்பத்தாறு வருடம் இந்த வெள்ளைக்காரரோடு ஒன்றாக நின்று வேலை செய்தவன் நான். என்னிடம் கேட்டிருக்கலாம் நீ. அனிற்றாவையும் அவள் புருஷனையும் பார்க்க வேண்டும்.

தம்பி சொன்ன சொல்லை உனக்கு எழுதியிருப்பான். அதில் பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு காலம் எடுத்தது. அதைப் பற்றி நீ அவனைக் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன்.

முப்பத்தோராம் தேதியோடு வேலை முடிந்தது. மேலங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். சப்பாத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், முழங்கால் வரைக்கும் வருகிற பனிச் சப்பாத்து.

எட்டுத் தரம் இங்கே இறங்கினதாகச் சாப்பிடும்போது சொன்னான். அவனுக்குக் கணக்குச் சின்ன வயதிலேயே வராது. பதினொரு தரம். யன்னலில் அவன் மொட்டை தெரியும். தலையைக் குனிந்தால் எனக்குத் தெரியாதென்று நினைத்திருக்கிறான். நான் கட்டையை எடுத்தால்தான் விமானம் போகலாம். பத்து நிமிடம் முடிந்து விமானி கையைக் காட்டுவான். பெடியன் எழும்புகிறானோ, இறங்குகிறானோ என்று எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். விமானிக்கு என்னத்தைச் சொல்ல? சில்லடியில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவேன். மூன்று நிமிடம், நாலு நிமிடம் கட்டுவேன். பிந்துகிறது என்று இரண்டு தரம் எழுத்தில் கண்டித்தார்கள்.

அந்தச் சப்பாத்துக்குக் கயிறே இல்லை, பிள்ளை.

அண்ணன்
இராயப்பு